திரவியம் அண்ணாச்சிக்கு ஒரு கையெழுத்து

ஏப்ரல் 7, திங்கள்

பயிற்சி கொடுக்கிறவர்களும் ஒரு நோட்டுப் போட்டு எழுத வேண்டும் என்று மதுரநாயகம் சார் உத்தரவு போட்டுவிட்டார். யாரும் வாங்கிப் படிக்க மாட்டார்களாம். படிக்காததை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். "எழுதிப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார். ஆலோசனை மையத்துக்கு இயக்குநராக இருப்பதில் இது ஒரு வசதி, பதில் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எழுதுகிறேன். ஒன்பது வருடமாகப் பாளையங்கோட்டை மையத்தில் போன் முன்னால் உட்கார்ந்து பிறத்தியார் கஷ்டத்தைக் கேட்டவள் நான். இந்த வருடம் ஒரு படி ஏற்றிவிட்டார்கள். கவுன்சலிங் படித்து முடித்து வந்திருக்கும் ஆறு பேரை நான் பழக்க வேண்டும். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும் அன்று எங்கள் ஹெல்ப்லைன் போன் ஓயாது. அதற்குள் ஒவ்வொருவரையும் பார்த்து, இவர் தனியாகப் போன் எடுக்கலாம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து கிடைக்காதவர் ஃபைல் அடுக்கும் அறைக்குப் போவார்.

ஐந்து பேர் இளவட்டம். ஆறாவது ஆள் அறுபத்தொரு வயது. எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "என் பெயர் திரவியம். ரயில் நிலையத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் அறிவிப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன்" என்றார். அறையில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். அந்தக் குரலைக் கேட்டு ஓடாத ஆள் இந்த ஊரில் கிடையாது. நானே ஒரு தடவை கைக்குழந்தையோடு மூன்றாம் நடைமேடைக்கு ஓடியிருக்கிறேன். இந்த வயதில் எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டேன்.

"முப்பத்திரெண்டு வருசமா லட்சக்கணக்கான பேருட்ட பேசிருக்கேன் மேடம். ஒரு ஆளு பதில் சொன்னதில்ல. அந்தப் பக்கம் என்ன சொல்லுதாங்கன்னு ஒரு தடவையாவது கேக்கணும்" என்றார்.

நல்ல ஆசைதான். ஆனால் பேசிப் பேசியே பிழைத்த மனிதரைக் கேட்க வைப்பது லேசுப்பட்ட காரியமா?

வீட்டில் என் மகள் பூரணிக்குப் பிளஸ் டூ பரீட்சை முடிந்து தூக்கம்தான் வேலை. கெமிஸ்ட்ரி எப்படி எழுதினாய் என்று இன்றைக்கும் கேட்டேன். "ம்" என்றாள். நன்றாக எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம்.

ஏப்ரல் 9

இன்று ஒத்திகை இல்லாமல் நிஜப் போன். முறை இதுதான்: பயிற்சியில் இருப்பவர் பேசுவார், பக்கத்தில் இன்னொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படி ஒருவர் கேட்கிறார் என்று எடுத்தவுடன் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட வேண்டும்.

திரவியம் அண்ணாச்சி போனை எடுத்து, "வணக்கம். தாங்கள் தொடர்பு கொண்டமைக்கு நன்றி" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் ஒரு பையன். சத்தமே இல்லை. பிறகு 'டிக்' என்று ஒரு பட்டன் சத்தம். அண்ணாச்சி மறுபடி வணக்கம் சொன்னார். மறுபடி 'டிக்'. பையன் இவரைக் கம்ப்யூட்டர் குரல் என்று நினைத்து எண் ஒன்றை அழுத்திக்கொண்டிருக்கிறான்! கடைசியில் ஒன்பதையும் அழுத்திப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். நான் மேஜைக்குக் கீழே குனிந்து சிரித்தேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை, அவன் திரும்பக் கூப்பிடுவானா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் கூப்பிட்டு அவனே இதையெல்லாம் சொன்னான். வேறொருவர் பேசினார்.

ஏப்ரல் 11

அட ராமா. இன்றைக்கு நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

நான் போனில் பழகிய காலத்தில், என்னைப் பழக்கியவர் துண்டுச்சீட்டு எழுதி முன்னால் தள்ளுவார். 'மெதுவாகப் பேசு', 'அழ விடு' என்று இருக்கும். நாம் பார்த்துக்கொண்டு அதன்படி நடக்க வேண்டும். அதே முறையைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன். மற்ற ஐந்து பேரிடமும் பழுதில்லாமல் நடந்தது.

இன்று ஒரு பெண் கூப்பிட்டாள். மாமியாரோடு சண்டை, அழுகை. அண்ணாச்சி இடையில் பேச வாய் திறந்தார். நான் அவசரமாக எழுதித் தள்ளினேன். அண்ணாச்சி சீட்டைப் பார்த்தார், கண்ணாடியைச் சரி செய்தார், மைக்கில் வாசித்தார்: "அவசரப்பட வேண்டாம். அழ விடவும்."

அந்தப் பெண்ணுக்கு அழுகை நின்றுவிட்டது. "என்னது?" என்றாள். நான் பதறிப்போய் அடுத்த சீட்டை எழுதினேன். அதையும் வாசித்தார்: "இந்தச் சீட்டை வாசிக்க வேண்டாம்." அதற்கும் மேல் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருந்தேனா? அதைப் பிடுங்கப் போனேன், முதலில் எழுதிவைத்து ஓரமாகக் கிடந்த சீட்டு ஒன்று அவர் கையில் சிக்கியது. "இந்தப் பெண் எதையோ மறைக்கிறாள்" என்று கணீரென்று ஒலித்தது.

செத்தேன் என்று நினைத்தேன். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம், ஆமா, மறைச்சேன், மாமியார் வளையலை எடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். பிறகு அரை மணி நேரம் மனம் விட்டுப் பேசிவிட்டு, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது என்று கேட்டாள். ஏதோ அவளுடைய நல்ல நேரம், எங்களுடைய நல்ல நேரமும்கூட.

ஏன் வாசித்தீர்கள் என்று கேட்டேன். அண்ணாச்சி முகம் கறுத்துப்போய் நின்றார். ஸ்டேஷன் மாஸ்டர் சீட்டு அனுப்பினால் யோசிக்காமல் வாசிக்க வேண்டும், யோசித்தால் வண்டி போய்விடும் என்றார். முப்பத்திரண்டு வருடம் கைக்கும் வாய்க்கும் நடுவில் மூளையைக் கூப்பிடாமலே வேலை பார்த்திருக்கிறார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மிளகாய் வற்றல் காயப்போட்டேன். நாளைக்குச் சித்திரை ஒன்று, பாயசத்துக்குச் சேமியா வாங்க வேண்டும். பூரணி மத்தியானம் சாப்பிட வரவில்லை. தலைவலி என்றாள். மாத்திரை கொடுத்து, போனைப் பார்க்காதே, தண்ணீர் குடி, சீக்கிரம் தூங்கு என்று சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 16

சீட்டு முறை ஒழிந்தது. இனி டேப் முறை. பேசியதைப் பதிவு செய்து, பிறகு இருவரும் உட்கார்ந்து கேட்டு, எண்ண வேண்டும். எத்தனை கேள்வி, எத்தனை 'ம்', எத்தனை யோசனை. யோசனை சொல்வதுதான் எங்கள் தொழிலில் பெரிய குற்றம். மனிதர்கள் யோசனை கேட்டுக் கூப்பிடுவதில்லை, யோசனை சொல்லாத ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிடுகிறார்கள். இதை ஆறு பேருக்கும் போர்டில் எழுதிப் போட்டேன். எனக்கே நன்றாக இருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

அண்ணாச்சியின் டேப். பன்னிரண்டு நிமிடம். ம்: பூஜ்யம். யோசனை: இரண்டு. 'வருந்துகிறோம்': மூன்று.

விஷயம் என்னவென்றால், அண்ணாச்சிக்கு மௌனம் ஆகாது. அந்தப் பக்கம் ஒருவர் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினால் போதும், இவர் மைக்கிடம் குனிந்துவிடுகிறார். ஸ்டேஷனில் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தம் வராமல் இருந்தால் மெமோ கொடுப்பார்களாம். அதனால் இடைவெளி விழுந்த இடத்தில் எல்லாம் எதையாவது போட்டு அடைக்கிறார். புருஷன் இன்னொருத்தியோடு வேறு வீடு பார்த்துவிட்டான் என்று ஒரு அம்மா விம்மி நிறுத்தினாள். அண்ணாச்சி சொன்னது: "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்."

அந்த அம்மாவே சிரித்துவிட்டாள் என்பது வேறு விஷயம். நான் சிரிக்கவில்லை. ஐம்பது நிமிடம் உட்கார வைத்துப் புரிய வைத்தேன். இப்படிச் செய்யுங்கள், அப்படிச் செய்யாதீர்கள், மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள், தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், வாய் திறக்கத் தோன்றினால் ஒரு மடக்குக் குடியுங்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். "சரி மேடம்" என்று கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் தேறுவாரா என்பது சந்தேகம்.

ஏப்ரல் 24

மதுரநாயகம் சார் என்னைக் கூப்பிட்டார். பயிற்சி பெறுபவர்களின் டேப்பை நான் கேட்பது போல, நான் அவர்களைப் பழக்குகிற டேப்பை அவர் கேட்பாராம். எனக்குத் தெரியவே தெரியாது. தெரியாது என்று சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்ட காகிதத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை டேப்பைக் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். என்னுடைய பாணியிலேயே எண்ணியிருந்தார். மொத்தம் ஐம்பது நிமிடம். வடிவு, அதாவது நான், பேசியது நாற்பத்து மூன்று. வடிவு சொன்ன யோசனை முப்பத்தொன்று. திரவியம் சொன்ன 'சரி மேடம்' இருபத்தெட்டு.

நேரமில்லாததால் அப்படி ஆகிவிட்டது என்றேன். "ஆமாம்மா, நேரம் இல்லதான்" என்று தலையாட்டினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து என்னவரிடம், நான் அதிகம் பேசுகிறேனா என்று கேட்டேன். மின்வாரியத்தில் கம்பத்தின் மேல் ஏறி நிற்கும் மனிதர், தரையில் நிற்கும்போது பயந்தாங்கொள்ளி. பேப்பரை மடித்துவிட்டு, குளிக்கப் போகிறேன் என்று போய்விட்டார்.

ஏப்ரல் 25

மெஷின் ரிப்பேர். துணி எல்லாம் கையால் துவைத்தேன். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்கிறது, ஒரு வகையில் நல்லது.

ஏப்ரல் 29

சாரின் புது வழி: நாற்காலியை மாற்றிப் போடுங்கள். அண்ணாச்சி கேட்பவர், நான் கூப்பிடுகிறவள். இட்டுக்கட்டிய கஷ்டம் ஒன்றை நான் சொல்ல வேண்டும், அவர் கேட்க வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு தாயாக நடித்தேன். பையன் பிளஸ் டூ எழுதியிருக்கிறான், நன்றாகத்தான் எழுதியிருப்பான், ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று ஆரம்பித்தேன். நடிப்பில் நான் மோசமில்லை, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் ஐந்நூற்றைம்பதுக்குக் குறையாது என்று சொல்லிவிட்டேன், டாக்டருக்குத்தான் படிக்கப்போகிறாள் என்று முடிவாகிவிட்டது என்றேன். பையன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறிவிட்டது. அண்ணாச்சி அதைக் கண்டுகொண்டதாகக் காட்டவில்லை.

"அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்டார்.

சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்று யோசித்துப் பார்த்தால், மார்ச் மாதத்திலிருந்து ஒரு 'ம்' தான் நினைவுக்கு வருகிறது. அண்ணாச்சி தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. நான் நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

நடிப்பு கொஞ்சம் தத்ரூபமாகிவிட்டது, அவ்வளவுதான். இதில் எழுத ஒன்றும் இல்லை.

மே 2

நான்கு நாளாக ஒரு புது முறை வைத்திருக்கிறேன், அதற்குப் புத்தகத்தில் பெயர் உண்டா தெரியாது. டேப் முடிந்ததும் அண்ணாச்சியிடம், உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்கிறேன். பெரிய தண்டனை. முதல் நாள் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை, மேலே ஃபேன் மட்டும் பேசியது. இன்றைக்கு அவராகவே சொன்னார்.

"பேசாம இருந்தா அந்த ஆளு போயிருவாரோன்னு பயமா வருது மேடம். ஸ்டேஷன்ல நான் நிறுத்துனாலும் ஜனங்க அங்கதான் நிப்பாங்க. போன்ல அப்படி இல்லையே" என்றார்.

இதை நான் முப்பத்தொரு யோசனையில் தொடவே இல்லை. முப்பத்தொன்றும் வேறு எங்கோ விழுந்திருக்கின்றன. எனக்குச் சந்தோஷமும் ரோஷமும் சேர்ந்து வந்தது. பிற்பகல் ஒரு தாத்தாவோடு பேசியபோது அண்ணாச்சி ஆறு நொடி பேசாமல் இருந்தார். ஏழாவது நொடியில் 'வருந்துகிறோம்' என்றார். இருந்தாலும் ஆறு என்பது ஆறுதான்.

மே 6

ஐந்து பேருக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி அண்ணாச்சி ஒருவர். இவருக்கு மட்டும் ரிசல்ட்டுக்கு அடுத்த நாள் வரை தவணை, பத்தாம் தேதிக்குள் போடு, இல்லாவிட்டால் இல்லை என்று எழுதிக் கொடு என்று சார் சொல்லிவிட்டார்.

போடலாமா? ஆறு நொடி மனிதர். ரிசல்ட் அன்றைக்கு வருகிற போன் மாமியார் வளையல் கதை கிடையாது. பதினேழு வயசுப் பிள்ளைகள், பேசவே பயந்து, நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசும். அங்கே போய் அறிவிப்புக் கொடுத்தால் பிள்ளை போனை வைத்துவிடும். வைத்துவிட்டால் யாரைத் தேடுவது? ஊர்ப் பிள்ளைகளை நினைத்துத்தான் சொல்கிறேன்.

அண்ணாச்சியிடம் ஒளிக்காமல் சொன்னேன். இன்னும் முடிவு செய்யவில்லை, ரிசல்ட் அன்று என் பக்கத்தில் உட்காருங்கள், பார்ப்போம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு ஃபைல் ரூம் வேண்டாம் மேடம். ஃபைலும் பதில் சொல்லாது" என்றார்.

அதைக் கேட்டதும் மனசு கஷ்டப்பட்டுவிட்டது. ஆனால் மனசு கஷ்டப்படுவதற்கெல்லாம் கையெழுத்துப் போட முடியுமா?

மே 8

பூரணிக்குப் பிடித்த மாங்காய்ப் பச்சடி வைத்தேன். தொடவில்லை. நாளைக்கு எனக்குப் பன்னிரண்டு மணிக்குத்தான் டியூட்டி, ரிசல்ட்டைச் சேர்ந்தே பார்ப்போம், உன் மார்க்குக்கு எந்தக் காலேஜ் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதோ சொல்ல வந்தது போல இருந்தது. பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக வரும் என்று நானே சொல்லிவிட்டேன். எனக்கென்ன கவலை? ஒரு கவலையும் இல்லை. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வர வேண்டும்.

மே 9, வெள்ளி

விதிப்படி, கூப்பிட்டவர் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது. எழுதவில்லை.

காலையில் கோயிலில் நிற்கும்போதே சாரிடமிருந்து போன். காலை முறைக்கு வர வேண்டியவருக்குக் காய்ச்சல், உடனே வா, அண்ணாச்சியையும் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். அங்கிருந்தே ஆட்டோ பிடித்தேன். என்னவருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னேன். எட்டு மணிக்கு நானும் அண்ணாச்சியும் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தாயிற்று. ரிசல்ட் ஒன்பதரைக்கு. அதற்கு முன்னாலேயே பிள்ளைகள் கூப்பிட ஆரம்பித்துவிடும்.

முதல் இரண்டும் சுமார். அண்ணாச்சி தண்ணீரைக் குடித்துக் குடித்தே ஒரு பாட்டிலைக் காலி செய்துவிட்டார். எட்டு நாற்பதுக்கு மூன்றாவது போன். வழக்கம் போல, நான் திரவியம், பயிற்சியில் இருக்கிறேன், என் மேற்பார்வையாளரும் பக்கத்தில் இருந்து கேட்பார், சம்மதமா என்று கேட்டார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு ஒரு பெண்பிள்ளையின் குரல்.

"எங்க அம்மாவும் அங்கதான் வேலை பாக்கா. மத்தியானந்தான் வருவான்னு நெனைச்சுக் கூப்பிட்டேன். அம்மா அங்க இருக்காளா? அவ கேட்டுட்டு இருந்தா நான் வச்சிருதேன்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது முதல் முதலில் அழுததையே கேட்டிருக்கிறேன்.

அண்ணாச்சிக்கு யார் என்று தெரியாது. மையத்தில் என்னைப் போலப் பிள்ளை பெற்றவர்கள் நான்கு பேர் இருக்கிறோம். என் பக்கம் திரும்பினார், என் முகத்தைப் பார்த்தார். தெரிந்துகொண்டார். இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறாள் என்று சொன்னால் போன் போய்விடும். மனிதர் வாயைத் திறக்கவில்லை. தண்ணீரையும் எடுக்கவில்லை. நான் எண்ணினேன், ஏழு, எட்டு, ஒன்பது. அந்தப் பிள்ளையும் போகவில்லை.

என் கையில் பேனா இருந்தது. என்ன கேட்க வேண்டும், எதைத் தொடக் கூடாது, சாப்பிட்டாளா என்று கேளுங்கள், கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள் என்று நூறு சீட்டு எழுதக் கை துடித்தது. அவள் நடுங்குவது எனக்குக் கேட்டது. இரண்டு மாதமாக என்னிடம் சொல்லாதது என்ன என்று இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் தெரிந்துவிடும். அந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதைப் போலக் கஷ்டமான வேலையை நான் இதுவரை செய்ததில்லை.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அண்ணாச்சி பார்க்கும்படி அதன் வயரைப் பிடுங்கினேன். பேனாவை மூடினேன். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். என் பின்னால் கதவு சாத்துவதற்குள் அண்ணாச்சி பேசியது காதில் விழுந்தது, அறிவிப்புத் தமிழ் இல்லை, வீட்டில் பேசுகிற தமிழ்.

"இப்ப இங்க நான் மட்டுந்தாம்மா இருக்கேன். சொல்லு."

வராண்டாவில் இருபத்தாறு நிமிடம் நின்றேன். என்ன செய்வது என்று தெரியாமல் நோட்டீஸ் போர்டில் இருந்த போன வருடக் காகிதங்களை எல்லாம் கிழித்தேன். இந்த வருடத்துக் காகிதம் ஒன்றையும் சேர்த்துக் கிழித்துவிட்டேன், நாளைக்கு ஆபீசில் கேட்பார்கள். கொஞ்சம் அழவும் செய்தேன்.

அண்ணாச்சி வெளியே வந்தார். சட்டை முதுகெல்லாம் ஈரம்.

"மேடம், அந்தப் போனப் பத்தி உங்கட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். மதுரநாயகம் சாருட்ட சொல்லிக்கிடுதேன்" என்றார். பிறகு, "பயப்படுத மாதிரி ஒண்ணும் இல்ல. அத மட்டும் சொல்லலாம், அது விதியிலயே இருக்கு" என்றார்.

நான் சரி அண்ணாச்சி என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. அவர் உள்ளே போய் நான்காவது போனை எடுத்தார். நான் ஹெட்போனை மறுபடி மாட்டினேன்.

ஒன்பது ஐம்பதுக்கு என்னவர் கூப்பிட்டார். பாஸ், மொத்தம் நானூற்று முப்பத்தொன்று, கெமிஸ்ட்ரி முப்பத்தாறு என்றார். இரண்டு மார்க் குறைந்திருந்தால் போயிருக்கும். அங்கே எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். தோசை சாப்பிடுகிறாள், நாலாவது என்றார்.

மே 10, சனி

நேற்று மத்தியானம் வீட்டுக்குப் போனபோது பூரணி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் போய் ஒரு பக்கத்தைப் பிடித்துப் போர்வையை மடித்தேன். முப்பத்தாறு பற்றி நான் பேசவில்லை. மறுகூட்டல், துணைத்தேர்வு, வேறு குரூப், வேறு காலேஜ் எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. ஒன்றையும் இறக்கிவிடவில்லை.

அவள்தான் கேட்டாள். "காலைல நீ அங்க இருந்தியாம்மா?"

மறைக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. "இருந்தேன். நான் இருக்கனான்னு நீ கேட்டது வரைக்கும் கேட்டேன். அப்புறம் வெளிய போயிட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

"அண்ணாச்சிட்ட கேட்டுப் பாரு."

"அவரு சொல்ல மாட்டாரு. சொல்லக் கூடாதுல்லா" என்று சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! பிறகு போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: "மார்க்குக்குப் பயமில்லம்மா. கெமிஸ்ட்ரி போச்சுன்னு அன்னைக்கே தெரியும். ஒங்கிட்ட சொன்னா நீ ஒடனே ஒரு வழி சொல்லிருவ. அதுக்கப்புறம் நான் என்னத்தப் பேச?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிச்சிரு என்று சொன்னேன். அப்புறம் அவள் பேசினாள். பரீட்சை அறையில் கை வியர்த்ததில் ஆரம்பித்து, இனி என்ன படிக்க ஆசை என்பது வரைக்கும், வெயில் தாழும் வரைக்கும் பேசினாள். என்ன ஆசை என்பதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. டாக்டர் இல்லை என்பதை மட்டும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அந்த வேலையை என்னவரிடம் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை அண்ணாச்சியின் படிவத்தை எடுத்தேன். எந்த அழைப்பின் அடிப்படையில் இந்த முடிவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்ற ஐந்து பேருக்கும் தேதி, நிமிடம், நான் கவனித்தவை என்று பத்து வரிக்குக் குறையாமல் எழுதியிருந்தேன். இவருக்கு எழுதியது: 'மே 9, காலை 8.40. இந்த அழைப்பை நான் கேட்கவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

மதுரநாயகம் சார் அதைப் படித்துவிட்டு கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அந்த அழைப்பைப் பற்றி அண்ணாச்சி நேற்றே அவரிடம் சொல்லியிருப்பார். கூப்பிட்டது யார் என்று சாருக்குத் தெரியுமா, எனக்குத் தெரியாது. முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, "கேட்ட போனுக்குத்தானம்மா கையெழுத்து. கேக்காத போனுக்கு எப்படிப் போடுறது?" என்று கேட்டார்.

"அவரு பேசும்போது என்னால கேக்காம இருக்க முடிஞ்சுது சார்" என்றேன்.

சார் முத்திரையைக் குத்தினார்.